பொக்லைனைத் தானாகத் தோண்ட வைப்பது எப்படி? முதலில் வால்வைப் படியுங்கள்

"எக்ஸ்கவேட்டரை ஏஐ வைத்து ஓட்டணும், எந்த நியூரல் நெட்வொர்க் எடுக்கலாம்?" என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். வண்டி பைலட் ஆயில் லைன் வைத்த வண்டியா, எலக்ட்ரிக் ஜாய்ஸ்டிக் வண்டியா? பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. தெரியாமல் ஆரம்பிப்பதில் தப்பில்லை. ஆனால் எந்த நெட்வொர்க், அதாவது டேட்டாவிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் எந்தப் புரோகிராம், என்பது இந்த வேலையில் கடைசி வாரத்துச் சமாச்சாரம். முதல் சில மாதங்கள் ஆயில், வால்வு, வயர், மண் என்றுதான் போகும், அதற்குத் தயாராக இருந்தால் மேலே படியுங்கள்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது ஒரே வண்டி, ஒரே வேலை. 20 டன் வகை ஹைட்ராலிக் எக்ஸ்கவேட்டர், அதாவது எந்தக் கம்பெனி செய்திருந்தாலும் நம் ஊரில் ஹிட்டாச்சி என்றோ பொக்லைன் என்றோ சொல்கிறோமே, அது. வேலை, கோடு போட்ட இடத்தில் பள்ளம் தோண்டி மண்ணைப் பக்கத்தில் நிற்கும் டிப்பரில் கொட்டுவது. டோசர், ரோலர், வீல் லோடருக்கும் அடிப்படை இதேதான், ஆனால் பூம் என்கிற பெரிய கை, அதன் முனையில் ஆர்ம் என்கிற சின்னக் கை, பக்கெட், மேல்பாகம் சுழல்வது என்று நாலு அசைவும் ஒரே நேரத்தில் நடக்கிற எக்ஸ்கவேட்டர்தான் இருப்பதிலேயே படுத்துகிற வண்டி.

மெஷின் லேர்னிங் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

ஆளில்லாத கனரக வண்டி புதிதல்ல. சிலி நாட்டின் காப்ரியேலா மிஸ்ட்ரல் செம்புச் சுரங்கத்தில் ஜப்பானின் கோமாட்சு கம்பெனியின் ஆளில்லா டிரக்குகள் 2008-லேயே வேலைக்கு வந்துவிட்டன. டிரக்குக்குப் போட்ட பாதை இருக்கிறது, காலையில் இருந்த பாதை மாலையிலும் இருக்கும். எக்ஸ்கவேட்டர் அப்படி இல்லை, ஒவ்வொரு முறை பக்கெட்டை இறக்கும்போதும் தன் எதிரே இருக்கும் நிலத்தையே மாற்றிவிடுகிறது, அடுத்த வெட்டு எப்படி இருக்கும் என்பது போன வெட்டைப் பொறுத்தது. அப்படியிருந்தும் 1990-களின் கடைசியில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 25 டன் எக்ஸ்கவேட்டர் ஒன்று லேசர் ஸ்கேனர்களின் உதவியோடு தானாக டிரக்கில் மண் ஏற்றிக் காட்டியது. அதன் அசைவுகள் பெரும்பாலும் முன்கூட்டியே எழுதி வைத்த ஸ்கிரிப்ட்தான், அங்கங்கே அளவுகள் மட்டும் மாறும்.

அப்படியானால் இப்போது மெஷின் லேர்னிங் எதற்கு? என் கணக்கில் மூன்று இடத்துக்கு மட்டும். வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஆயில் செய்கிற கூத்தைக் கணிக்க, பக்கெட் மண்ணுக்குள் போனபிறகு என்ன செய்வது என்று முடிவெடுக்க, அப்புறம் சுற்றி யார் நிற்கிறார்கள் என்று பார்க்க. மீதி எல்லாம், அதாவது அடுத்து எங்கே தோண்டுவது, எந்தப் பக்கம் சுழல்வது, டிப்பரில் எந்த மூலையில் கொட்டுவது, இதெல்லாம் சாதாரண வடிவியல். அதற்கும் நெட்வொர்க் வைத்தால் கோளாறு வரும்போது எங்கே தேடுவது என்றே தெரியாது.

வண்டியைக் கம்ப்யூட்டர் பேச்சைக் கேட்க வைப்பது

பழைய வண்டிகளில் ஆபரேட்டர் லீவரைத் தள்ளினால் சின்ன அழுத்தத்தில், அதிகபட்சம் 40 பார் வாக்கில், பைலட் ஆயில் போய் மெயின் வால்வின் ஸ்பூலை, அதாவது உள்ளே வழுக்கி ஆயில் வழியைத் திறந்து மூடும் தண்டை, நகர்த்தும். ஸ்பூல் திறந்ததும் 300 பாருக்கு மேலே அழுத்தம் உள்ள மெயின் ஆயில் சிலிண்டருக்குப் போகும். நீங்கள் செய்ய வேண்டியது பைலட் லைனில் மின்சாரத்தால் இயங்கும் புரொபோர்ஷனல் வால்வுகளை, அதாவது கொடுக்கும் கரண்டுக்கு ஏற்ற அளவு திறக்கும் வால்வுகளை, இணையாகச் சேர்ப்பது. இரண்டு லைனும் சேரும் இடத்தில் ஷட்டில் வால்வு போட்டுவிடுங்கள், எந்தப் பக்கம் அழுத்தம் அதிகமோ அது போகும், ஆக லீவர் பழையபடியே வேலை செய்யும். இது முக்கியம். லீவரைக் கழற்றிவிட்டு கம்ப்யூட்டர் மட்டும் ஓட்டும் வண்டியை யாரும் சைட்டுக்குள் விடமாட்டார்கள், விடவும் கூடாது. எலக்ட்ரிக் ஜாய்ஸ்டிக் வைத்த புது வண்டியில் இந்தக் குழாய் வேலை மிச்சம், ஆனால் வண்டியின் கன்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் பஸ் என்ற வயரில் புகுந்து கட்டளை கொடுக்கக் கம்பெனி அனுமதி வேண்டும். உத்தரவாதத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

அடுத்தது எமர்ஜென்சி ஸ்டாப். இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்காதீர்கள். சீட்டுக்கு இடது பக்கம் இறங்குவதற்கு முன் தூக்கிவிடும் ஒரு லாக் லீவர் இருக்கும், அதைத் தூக்கினால் பைலட் ஆயிலே நின்றுவிடும், லீவரை எவ்வளவு ஆட்டினாலும் வண்டி அசையாது. அந்த ஆயிலைத் திறந்து மூடுவது சோலனாய்டு என்கிற மின்வால்வு. உங்கள் சிவப்பு பட்டனும் ரிமோட் ஸ்டாப்பும் அந்த சோலனாய்டுக்குப் போகும் கரண்டை நேரடியாகத் துண்டிக்க வேண்டும், நடுவில் எந்தச் சாஃப்ட்வேரும் இருக்கக்கூடாது. கம்ப்யூட்டரிலிருந்து 200 மில்லி விநாடி செய்தி வராவிட்டாலும் அதே சோலனாய்டு விழ வேண்டும். ஒரு எச்சரிக்கை, ஸ்டாப் போட்டதும் பூம் அப்படியே நிற்கும், ஆனால் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும் மேல்பாகம் கல்லாட்டம் நின்றுவிடாது, அதன் எடைக்கு இன்னும் கொஞ்சம் ஓடித்தான் நிற்கும். எவ்வளவு ஓடுகிறது என்று காலி பக்கெட்டிலும் நிறைந்த பக்கெட்டிலும் அளந்து எழுதி வையுங்கள், பின்னால் பாதுகாப்பு எல்லை போடும்போது அந்த எண் வேண்டும்.

சென்சார்

பூம், ஆர்ம் இரண்டிலும் ஒவ்வொரு ஐஎம்யூ, அதாவது சாய்வையும் அசைவையும் அளக்கும் சென்சார். பக்கெட்டுக்கு நேரடியாக வைக்காதீர்கள், முதல் கல்லிலேயே போய்விடும். பக்கெட்டை இழுக்கும் லிங்கில் வைத்து, நான்கு கம்பி இணைப்பின் கணக்கைப் போட்டு பக்கெட் கோணத்தை எடுக்க வேண்டும். கேபினில் ஒன்று, வண்டி சாய்ந்து நிற்கிறதா என்று சொல்ல. சுழலும் கோணத்துக்குப் பின்பக்க வெயிட்டின் மேல் இரண்டு ஆர்டிகே ஆன்டெனா (தரையில் உள்ள பேஸ் ஸ்டேஷன் தரும் திருத்தத்தை வைத்து ஜிபிஎஸ்ஸைத் துல்லியமாக்கும் முறை) வைத்தால் இடமும் திசையும் சேர்ந்து கிடைக்கும். சில சென்டிமீட்டர் துல்லியம் வரும். இந்தியாவில் சொந்த பேஸ் ஸ்டேஷன் இல்லாதவர்கள் சர்வே ஆஃப் இந்தியாவின் கோர்ஸ் என்கிற நிரந்தர பேஸ் நிலையங்கள் தரும் திருத்தத்தை மொபைல் இணையம் வழியாக வாங்கிக்கொள்ளலாம், சிக்னல் உள்ள இடமாக இருந்தால்.

பலர் விட்டுவிடுவது பிரஷர் சென்சார். பூம், ஆர்ம், பக்கெட் மூன்று சிலிண்டருக்கும் இரண்டு பக்கமும், ஆக ஆறு. இரு பக்க அழுத்தத்தையும் அதனதன் பரப்பால் பெருக்கிக் கழித்தால் சிலிண்டர் எவ்வளவு பலம் போடுகிறது என்று தெரியும். ஆபரேட்டர் அண்ணன் எஞ்சின் சத்தம் இறங்குவதைக் கேட்டே 'கல்லு தட்டுது' என்று பூமை ஒரு விரல் தூக்குவார். கம்ப்யூட்டருக்கு அந்தக் காது இந்த ஆறு சென்சார்தான். சுற்றுப்புறத்தை லேசரால் ஸ்கேன் செய்யும் லைடார் வாங்கக் காசு பற்றாவிட்டால் அதைக் கூடத் தள்ளிப்போடுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று, எல்லா அளவீட்டுக்கும் ஒரே கடிகாரம். நாங்கள் பழகிய சின்ன மினி எக்ஸ்கவேட்டரில் வால்வுக் கட்டளை ஒரு கம்ப்யூட்டரிலும் ஐஎம்யூ இன்னொன்றிலும் பதிவானது, இரண்டுக்கும் நேரம் லேசாக விலகியிருந்தது யாருக்கும் தெரியவில்லை. நெட்வொர்க் அந்த விலகலையும் சேர்த்து 'இது ஹைட்ராலிக்கின் தாமதம்' என்று பவ்யமாகக் கற்றுக்கொண்டது. சிமுலேஷனில் எல்லாம் அழகு, வண்டியில் ஏற்றினால் ஆர்ம் ஊஞ்சல் ஆடியது. மூன்று வாரம் நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருந்தோம், தப்பு ஒரு நெட்வொர்க் கேபிளும் ஒரு நேரச் செட்டிங்கும்.

ஆயிலின் குணத்தைக் கற்றுக்கொடுப்பது

மொத்த வேலையின் முதுகெலும்பு இதுதான். ரோபோ கையில் மோட்டாருக்கு 'இந்த வேகம்' என்றால் அந்த வேகம் வரும். ஹைட்ராலிக்கில் வராது. லீவரை முதலில் கொஞ்ச தூரம் தள்ளினால் ஒன்றுமே நடக்காது, அதைத் தாண்டியதும் திடீரென்று கிளம்பும். கட்டளைக்கும் அசைவுக்கும் நடுவில் தாமதம், அது ஒவ்வொரு சிலிண்டருக்கும் வேறு, மேலே போகும்போது ஒன்று கீழே வரும்போது இன்னொன்று. பம்ப் தரும் ஆயிலோ பொதுச்சொத்து, பூமும் ஆர்மும் சேர்ந்து கேட்டால் பழைய வகை வால்வுகளில் எந்தப் பக்கம் சுமை குறைவோ அந்தப் பக்கம்தான் முதலில் ஓடும். காலையில் ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது வண்டி ஒரு குணம், மதியம் வேறு குணம். இதையெல்லாம் சமன்பாடாக எழுத முடியும், எழுதியும் இருக்கிறார்கள், ஆனால் வால்வின் உள்ளளவுகள் எதையும் கம்பெனி உங்களுக்குக் கொடுக்காது. அதனால்தான் டேட்டாவிலிருந்து கற்பது இங்கே நியாயமான வழி.

சுவிட்சர்லாந்தின் ஈடிஎச் சூரிக் பல்கலைக்கழகத்தில் மார்கோ ஹட்டரின் ஆய்வகம் ஹீப் என்று பெயர் வைத்து 12 டன் மென்சி முக் எக்ஸ்கவேட்டர் ஒன்றைத் தானியங்கியாக மாற்றி வைத்திருக்கிறது. பாஸ்கல் எக்லியும் ஹட்டரும் 2022-ல் வெளியிட்ட வழிமுறையைத்தான் நானும் சிபாரிசு செய்கிறேன். முதலில் வண்டியில் டேட்டா எடுத்து, கட்டளை கொடுத்தால் மூட்டு எப்படி நகரும் என்று கணிக்கும் ஒரு நெட்வொர்க்கைப் பழக்குவது, அந்த நெட்வொர்க்கையே சிமுலேட்டராக வைத்துக்கொண்டு இரண்டாவது நெட்வொர்க்குக்கு ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங்கில், அதாவது செய்து பார்க்க விட்டு மதிப்பெண் கொடுத்துப் பழக்கும் முறையில், ஓட்டக் கற்றுக்கொடுப்பது, பிறகு அதை அப்படியே நிஜ வண்டிக்கு மாற்றுவது.

டேட்டா எடுப்பதில் கவனம் வேண்டும். பக்கெட்டைக் காற்றில் வைத்து, சுற்றிலும் ஆள் இல்லாமல், ஒவ்வொரு மூட்டையும் தனியாக மெதுவாக, வேகமாக, ஏறி இறங்கும் அலைபோல ஓட்டுங்கள். பிறகு இரண்டிரண்டாக, மூன்றும் சேர்த்து. இப்படி நாமாகக் கிளப்பிய கட்டளைகள் மட்டும் போதாது, அனுபவமுள்ள ஆபரேட்டரை உட்கார வைத்து அவர் பாட்டுக்கு ஓட்டச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், ஏனென்றால் அவர் போகிற இடங்களுக்குத்தான் உங்கள் நெட்வொர்க்கும் நாளைக்குப் போகப்போகிறது. குளிர்ந்த ஆயிலில் கொஞ்சம், சூடான ஆயிலில் கொஞ்சம், காலி பக்கெட்டில் கொஞ்சம், மண் நிரப்பிக் கொஞ்சம். எங்கள் அனுபவத்தில் நன்றாகத் திட்டமிட்ட ஓரிரு மணி நேரப் பதிவு, திட்டமில்லாத இரண்டு நாள் பதிவைவிட உதவியது.

நெட்வொர்க் பெரிதாக இருக்கத் தேவையே இல்லை. உள்ளே போவது கடந்த அரை விநாடி வாக்கில் கொடுத்த கட்டளைகள், இப்போதைய கோணம், வேகம், அழுத்தம். வெளியே வருவது அடுத்த நொடித்துளியின் வேகம். இரண்டு மூன்று அடுக்கு போதும். ஆனால் சோதிப்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். அடுத்த ஒரு அடியைச் சரியாகக் கணிக்கிறதா என்று பார்த்தால் எந்த நெட்வொர்க்கும் முதல் மார்க் வாங்கும், ஏனென்றால் இவ்வளவு கொஞ்ச நேரத்தில் வேகம் மாறுவதே இல்லை, இப்போதைய வேகத்தைத் திருப்பிச் சொன்னாலே போதும். தன் கணிப்பையே தனக்குத் திருப்பிக் கொடுத்து ஐந்து விநாடி ஓட விடுங்கள், அப்போது பக்கெட் முனை நிஜத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். அதேபோல டேட்டாவைக் கலைத்துப்போட்டுப் பிரிக்காதீர்கள், திங்கட்கிழமை பதிவில் பழக்கினால் வியாழக்கிழமை பதிவில் சோதியுங்கள்.

ஓட்டக் கற்றுக்கொடுப்பது

இங்கே ஒரு நிமிடம். உங்களுக்கு வேண்டியது பள்ளத்தின் தரையை மட்டமாக இழுப்பது மட்டும் என்றால், கற்ற மாடலைத் தலைகீழாக்கி, இந்த வேகம் வேண்டுமானால் எந்தக் கட்டளை என்று ஒரு அட்டவணை போட்டு, மேலே சாதாரண பிஐடி கன்ட்ரோல், அதாவது விலகலைப் பார்த்துப் பார்த்துத் திருத்தும் பழைய முறை, வைத்துப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும். அது எங்கே திணறுகிறது என்று பார்த்த பிறகு அடுத்ததற்குப் போங்கள், ஒப்பிட்டுப் பார்க்கவும் ஒன்று கையில் இருக்கும்.

ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் வழி என்றால், மேலே சொன்ன மாடலை ஜிபியுவில் ஆயிரக்கணக்கான நகல்களாக ஒரே நேரத்தில் ஓட விடலாம், அதனால்தான் மாடல் சின்னதாக இருக்க வேண்டும் என்றேன். பழக்குவதற்கு பிபிஓ என்ற அல்காரிதம் போன்ற எல்லோரும் பயன்படுத்தும் முறையே போதும். பக்கெட் முனை போக வேண்டிய பாதையிலிருந்து விலகினால் மதிப்பெண் குறையும், கட்டளை வெடுக்வெடுக்கென்று மாறினாலும் குறையும். இரண்டாவதை அலட்சியம் செய்தால் சிமுலேட்டரில் பாதை சுத்தமாக இருக்கும், வண்டியில் ஏறியதும் வால்வு படபடவென்று அடித்துக்கொள்ளும், மூட்டுகளில் இருக்கும் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் கேடு. தாமதத்தையும் ஆயில் சூட்டையும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றிப் போட்டுப் பழக்குங்கள், இல்லாவிட்டால் உங்கள் மாடலின் பிழைகளையே அது மனப்பாடம் செய்துகொள்ளும்.

இன்னொரு வழி, ஆபரேட்டரைப் பார்த்துக் காப்பியடிக்க வைப்பது. ஸ்வீடனின் லூலியோ பல்கலைக்கழகத்தில் வால்வோ வீல் லோடர் ஒன்றில் இதைச் செய்தார்கள். தேர்ந்த ஆபரேட்டர் ஜல்லிக் குவியலில் பக்கெட்டை நிரப்புவதைப் பதிவு செய்து அதிலிருந்தே ஒரு நெட்வொர்க்கைப் பழக்கினார்கள். அது நடுத்தர ஜல்லிக்கு நன்றாக வேலை செய்தது. பெரிய கற்கள் கலந்த குவியலுக்கு மாற்றியதும் மறுபடி பழக வேண்டியிருந்தது, அங்கே ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங்கைச் சேர்த்து நிஜ வண்டியிலேயே பழக்கி, சுமார் 40 பக்கெட்டுகளுக்குப் பிறகு முன்னேற்றம் கண்டார்கள். பக்கெட் நிரப்புவது போன்ற சின்ன, முடிவு தெளிவாக உள்ள வேலைக்குக் காப்பியடிப்பது நல்ல ஆரம்பம் என்பது என் கருத்து. முழு வேலைக்கும் அதையே நம்பினால், ஆபரேட்டர் ஒருநாளும் போகாத இடத்துக்கு வண்டி போய்விட்டால் அதற்குத் திரும்பி வரத் தெரியாது.

மண்

மண்ணைத் துகள் துகளாக சிமுலேட் செய்யலாம், ஆனால் ரொம்ப மெதுவு, லட்சக்கணக்கான வெட்டுகள் பழக்கக் கட்டுப்படியாகாது. எளிய வழி, ரீஸ் என்பவர் 1964-ல் கொடுத்த மண் வெட்டும் சமன்பாடு. தூக்கும் மண்ணின் எடை, மண் தன்னோடு தான் ஒட்டும் பிடிப்பு, இரும்போடு ஒட்டும் பிடிப்பு, மேலே ஏறி நிற்கும் சுமை, இவை சேர்ந்து பக்கெட் பல்லுக்கு எவ்வளவு எதிர்ப்பு வரும் என்று சொல்லும். நம் ஊர் மண்ணை நினைத்தால் இது ஒவ்வொன்றும் கண்முன் வரும். மழை பெய்த கரிசல் மண் பக்கெட்டைவிட்டு இறங்காது, உதறினாலும் பாதி உள்ளேயே இருக்கும், அது இரும்போடு ஒட்டும் பிடிப்பு. காய்ந்த செம்மண் வேறு கதை. ஓர் அடி செம்மண்ணுக்குக் கீழே திடீரென்று சுக்கான் பாறை வந்தால் எந்தச் சமன்பாடும் உதவாது.

ஆகவே ஒரு மண்ணுக்குப் பழக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் இந்த எண்களைத் தாறுமாறாக மாற்றுங்கள், என்ன மண் என்று நெட்வொர்க்குக்குச் சொல்லவும் சொல்லாதீர்கள். அழுத்தத்தையும் வேகத்தையும் பார்த்து அதுவே உணரட்டும். ஈடிஎச் குழு இதே எண்ணத்தில் மண்ணுக்கு ஏற்ப மாறும் தோண்டலைச் செய்து காட்டியது, மண்ணின் குணத்தை முன்கூட்டிச் சொல்லாமலேயே. கெட்டியான மண்ணில் மெல்லிசாகச் சீவிக்கொண்டு போகும், இளக்கமான மண்ணில் ஆழமாகக் கடிக்கும், நல்ல ஆபரேட்டர் செய்கிறதும் அதுதானே.

மதிப்பெண் கொடுப்பதில் இங்கேதான் நெட்வொர்க் அதிகம் விளையாடும். 'பக்கெட் நிறைந்தால் மார்க்' என்று மட்டும் நாங்கள் வைத்தோம். அது பள்ளத்தைத் தொடவே இல்லை, பள்ளத்தின் ஓரத்தில் சிந்திக் கிடந்த இளகிய மண்ணை வழித்து வழித்து பக்கெட்டை நிரப்பிக்கொண்டு வந்தது. சோம்பேறித்தனத்தில் மனுஷனை மிஞ்சிவிட்டது என்று சிரித்தோம், பிறகு தோண்ட வேண்டிய கோட்டுக்கு மேலே உள்ள மண்ணுக்கு மட்டும் மார்க் என்று மாற்றினோம். அதேபோல வண்டியின் டிராக் தரையைவிட்டுத் தூக்கினால், வண்டியே முன்னால் இழுபட்டால், சிலிண்டர் அழுத்தம் ரிலீஃப் அளவை, அதாவது பாதுகாப்பு வால்வு திறந்துகொள்ளும் உச்ச அழுத்தத்தை, தொட்டு ஒரு விநாடிக்கு மேல் நின்றால், அந்த முயற்சியை அங்கேயே முடித்துப் பெரிய அபராதம் போடுங்கள். இவற்றை நெட்வொர்க்குக்கு வெளியே தனி விதியாகவும் வையுங்கள். கல்லில் மாட்டிக்கொண்டால் வெளியே வர ஒரு எளிய வழக்கம், பக்கெட்டை விரி, பூமைத் தூக்கு, அரை அடி தள்ளி மறுபடி முயற்சி செய், மூன்று முறை முடியாவிட்டால் ஆளைக் கூப்பிடு. இதற்கு நெட்வொர்க் வேண்டாம்.

எங்கே தோண்டுவது, எங்கே கொட்டுவது

இது சீக்கிரம் முடியும் பகுதி. லைடாரிலிருந்து 10 சென்டிமீட்டர் கட்டங்களாக நிலத்தின் உயர வரைபடம். அதைப் பள்ளத்தின் வரைபடத்தோடு கழித்தால் எங்கே எவ்வளவு மிச்சம் என்று தெரியும். தூரத்திலிருந்து வண்டியை நோக்கி, மேலிருந்து கீழே என்று தோண்டிக்கொண்டு வர வேண்டும். டிப்பரின் நான்கு ஓரங்களையும் லைடாரிலேயே கண்டுபிடிக்கலாம், டிரைவர் கேபினுக்கு மேலே பக்கெட் போகவே கூடாது என்பதை மாற்றமுடியாத எல்லையாக வையுங்கள். ஹீப் வண்டி சூரிக் அருகே ஓபர்கிளாட்டில் ஒழுங்கில்லாத பாறாங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து 6 மீட்டர் உயரம், 65 மீட்டர் நீளத்துக்குச் சாந்தில்லாத தடுப்புச்சுவர் கட்டியது, 2023-ல் அந்த ஆய்வு வெளியானது. அங்கேயும் எந்தக் கல் எங்கே உட்காரும் என்பதைத் தீர்மானித்தது கற்களை ஸ்கேன் செய்து போட்ட வடிவியல் கணக்குதான்.

ஆள் இருக்கிறார்களா என்று பார்ப்பது

கேமராவில் ஆளைக் கண்டுபிடிக்கத் தயார் மாடல்கள் நிறைய. கட்டுமான வண்டிகளின் படங்களுக்கு ஏசிட் என்ற கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத் தொகுப்பு இருக்கிறது. ஆனால் வெளிநாட்டுப் படங்களில் பழகிய மாடலுக்கு ஆள் என்றால் ஹெல்மெட், பளபளக்கும் சட்டை. நம் சைட்டில் தலையில் துண்டு கட்டி, லுங்கியை மடித்துக்கொண்டு குனிந்து நிற்பவரையோ, சும்மாடு வைத்து சட்டி சுமக்கும் அம்மாவையோ, பள்ளத்துக்குள் இறங்கி இடுப்புக்கு மேல் மட்டும் தெரிகிறவரையோ அது எப்படிப் பார்க்கிறது என்று சோதிக்காமல் நம்பாதீர்கள். சொந்த சைட்டில், தூசியில், எதிர்வெயிலில், சாயங்கால வெளிச்சத்தில் எடுத்த படங்களைச் சேர்த்துப் பழக்குங்கள்.

அப்படிப் பழக்கியும் அதை முதல் காவலாக வைக்காதீர்கள், இது கூடுதல் கண் மட்டும்தான். முதல் காவல் வேலி. வண்டி சுழலும் ஆரத்தோடு முன்பு அளந்த நிற்கும் தூரத்தையும் கூட்டி அதற்கு வெளியே வேலி, கதவு திறந்தால் சோலனாய்டு விழ வேண்டும். தானாக இயங்கும் மண் வேலை வண்டிகளின் பாதுகாப்புக்கென்றே ஐஎஸ்ஓ 17757 என்ற தரநிலை இருக்கிறது, அலுப்பாக இருந்தாலும் படியுங்கள், நீங்கள் யோசிக்காத ஆபத்து நாலு அதில் இருக்கும்.

களத்தில் இறக்குவது

படிப்படியாகத்தான். முதலில் காற்றில், பாதி வேகத்தில், ஆபரேட்டர் சீட்டில் உட்கார்ந்து கையை லாக் லீவரில் வைத்தபடி. பிறகு இளகிய மணலில். பிறகு ஒரே ஒரு பள்ளம், டிப்பர் இல்லாமல், பக்கத்தில் கொட்டு. டிப்பரின் இடத்தில் முதல் சில வாரம் மரச் சட்டங்களை நட்டு ரிப்பன் கட்டி வையுங்கள், ரிப்பன் அறுந்தால் செலவு பத்து ரூபாய். ஒவ்வொரு நாளும் ஆபரேட்டர் எத்தனை முறை குறுக்கிட்டார், எதற்காக என்று எழுதுங்கள், அந்த நோட்டுதான் அடுத்த வாரத்து வேலைப் பட்டியல். 2021-ல் சீனக் கம்பெனியான பைடுவும் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து தங்கள் எக்ஸ்கவேட்டர் மனிதத் தலையீடில்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்ததாக வெளியிட்டார்கள், முதல் மாதத்தில் உங்களுக்கு இருபது நிமிடம் வந்தாலே சந்தோஷப்படுங்கள்.

இவ்வளவும் யாருக்கு லாபம் என்று கேட்டால், மணிக் கணக்கில் வாடகைக்கு வந்து இன்று வரப்பு, நாளை வாய்க்கால், நாளன்றைக்கு வீட்டு அஸ்திவாரம் என்று அலையும் வண்டிக்கு இல்லை. அதற்கு ஆழம் காட்டும் ஒரு திரையை கேபினில் மாட்டினாலே பெரிய உதவி. ஒரே இடத்தில் மாதக்கணக்கில் ஒரே வேலை செய்யும் வண்டிக்கும், ஆள் போகக்கூடாத இடத்துக்கும்தான் இது. ஜப்பானில் உன்சென் எரிமலை 1991-ல் வெடித்து 43 பேரைக் கொன்ற பிறகு, அந்தச் சரிவுகளில் ஆளை அனுப்ப முடியாமல்தான் 1990-களிலேயே தூரத்திலிருந்து இயக்கும் எக்ஸ்கவேட்டர்களும் டம்ப் டிரக்குகளும் தடுப்பணை வேலைக்கு வந்தன. கஜிமா நிறுவனம் அகிதா மாகாணத்தின் நருசே அணையில் டோசர், ரோலர், டம்ப் டிரக்குகளைத் தானாக ஓட்டியதும் பொருத்தமான இடத்தில்தான், அடுக்கடுக்காகக் கொட்டு, பரப்பு, அழுத்து என்று வருடக்கணக்கில் ஒரே வேலை.

வண்டி ஓட ஆரம்பித்த பிறகும் ஒரு வேலை பாக்கி. பக்கெட் மாற்றினால், பல் புதிதாகப் போட்டால், பின்னும் புஷ்ஷும் மாற்றினால், ஹைட்ராலிக் பம்பில் கை வைத்தால், பழைய மாடல் பழைய வண்டிக்கு உரியது. பக்கெட் முனையின் அளவுகளை மறுபடி எடுங்கள், காற்றில் ஒரு இருபது நிமிடம் ஓட்டிப் பதிவு செய்து அந்த ஐந்து விநாடிச் சோதனையைத் திரும்பப் போடுங்கள். பிழை கூடியிருந்தால் மறுபடி பழக்குங்கள், அதுவரை லீவர் ஆபரேட்டர் கையிலேயே இருக்கட்டும்.